கோன் செட்: தலைக்குழாய்க்குள் நடக்கும் வேலை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், சட்டகத்தின் முனையிலுள்ள தலைக்குழாய்க்குள் செருகப்பட்ட ஒரு தண்டைக் கொண்டு திரும்புகிறது. அத்தண்டின் மேலும் கீழும் அமைந்த இரு தாங்கிகளையும் சேர்த்துத் தமிழகப் பட்டறைகளில் ‘கோன் செட்’ என்பர். குழாயில் இறுகப் பதிந்த கிண்ண வடிவ வளையம் ‘கப்’, தண்டோடு சேர்ந்து திரும்பும் வளையம் ‘கோன்’, இரண்டுக்கும் இடையே உருளும் எஃகுக் குண்டுகள் ‘பால்ரஸ்’ எனப்படுகின்றன. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகளில் கால் அங்குல விட்டமுள்ள 19 குண்டுகள் ஒவ்வொரு தாங்கியிலும் உதிரியாகவே இடம்பெற்றிருந்தன.

இத்தாங்கி தேய்வதற்குச் சாலைப் பள்ளங்களையே உரிமையாளர்கள் குறைகூறுவது பாதி உண்மைதான். நேர்ச்சாலையில் கைப்பிடி மிகச் சிறிய கோணத்துக்குள்ளேயே அசைவதால், குண்டுகள் உருண்டு இடம் மாறாமல் ஒரே புள்ளியில் நின்று, அங்கிருந்த கிரீஸைப் பிதுக்கி வெளியேற்றிவிட, சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் அப்புள்ளியிலேயே விழுந்து குழி பறிக்கிறது. எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்தி அதன் கடினத்தை அளக்கும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல்லின் பெயராலேயே பொறியியலாளர்கள் இக்குழிகளைக் குறிக்கின்றனர். குழி விழுந்த வண்டியின் கைப்பிடி நடுவில் வந்து ‘சிக்கி’ நிற்கும்; கிரீஸ் எவ்வளவு அப்பினாலும் அது தீராது. பளபளப்புக்காக உயரழுத்தத் தண்ணீரைத் தலைக்குழாயின் மேலேயே பாய்ச்சும் வாட்டர் சர்வீஸ் வழக்கம், மிஞ்சிய கிரீஸையும் கழுவிவிடுவது வேறு கதை.

கோன் செட்டை அடைய முன்சக்கரம், மட்கார்டு, ஹெட்லைட், கைப்பிடி, ஃபோர்க் ஆகிய அனைத்தும் கழற்றப்பட வேண்டியிருப்பதால், தொழிலாளியின் நேரத்தில் பெரும்பகுதி தாங்கியைத் தொடுவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. கூலிச்சீட்டிலோ அது ஒற்றை வரியாகவே நிற்கிறது. தண்டைக் கீழே இறக்கும்போது குண்டுகள் சிதறுமாதலால் அடியில் தட்டு வைக்கப்படுகிறது. பழைய கப்பை நீண்ட கம்பியால் உள்ளிருந்து இருபுறமும் மாறிமாறித் தட்டியே வெளியேற்றுகின்றனர். ஒரே பக்கம் அடித்தால் அது கோணிக்கொண்டு குழாயின் உட்சுவரைக் கீறிவிடும். புதிய கப்பைப் பதிப்பதற்குக் கழற்றிய பழைய கப்பையே மேலே வைத்து அடிப்பது கைத்திறனும் சிக்கனமும் சேர்ந்த உத்தி. பின்னர் கப்பில் தாராளமாகத் தடவப்படும் கிரீஸ் உராய்வைக் குறைப்பதோடு, குண்டுகள் உதிராமல் ஒட்டிக்கொள்ளும் பசையாகவும் பயன்படுகிறது.

இறுதியில் தாங்கியை இறுக்கும் முறுக்கே தொழிலின் நுட்பம். தளர்வாக விட்டால் முன்பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்ற ஒலி எழும். மிகையாக இறுக்கினால் மெதுவாகச் செல்லும் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் தள்ளாடும். எனவே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து ஆட்டம் இல்லையென உறுதிசெய்தபின், கைப்பிடி சிறு தள்ளலில் தானாகவே பக்கவாட்டில் சாய்கிறதா என்று பார்க்கின்றனர். புதிய வளையங்கள் ஓட்டத்தில் சற்றே படிந்து மீண்டும் தளர்வதால், சில நூறு கிலோமீட்டருக்குப் பின் வண்டியைக் கொண்டுவரச் சொல்வதுண்டு. ஒலி கேட்ட பிறகே உரிமையாளர் திரும்பி வந்தால், அதற்குள் புதிய கப்பிலும் குழிகள் தொடங்கியிருக்கக்கூடும்.