திசைக்கொரு ஜன்னல்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் மங்களமேட்டுக்கு அருகே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையை, 17-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டினார் என்பதற்காகவோ, 1751-இல் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் நின்று பொருத வாலிகொண்டா யுத்தத்துக்காகவோ பார்க்க வருகிறவர்களே அதிகம். வீடு கட்ட உத்தேசித்திருப்பவனும் ஒருமுறை அதன்மேல் ஏறிப் பார்ப்பது நல்லதென்பது என் அபிப்பிராயம். மதிலின் தலைச்சுவரில் துப்பாக்கி நீட்ட விட்ட துவாரங்களை உட்புறம் அகலமாகவும் வெளிப்புறம் குறுகலாகவும் வைப்பது கோட்டைச் சாஸ்திரம். உள்ளே நிற்பவனுக்கு வெளி முழுவதும் தெரியவேண்டும், வெளியே நிற்பவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியக்கூடாது. துவாரத்துக்கு இன்ன காரியம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகுதான் கல்லை வைத்தார்கள்.

கோட்டையை விட்டு இறங்கிச் சாலையோரத்துப் புது வீடுகளைப் பார்த்தால், நாலடிக்கு நாலடி என்று கடைக்காரர் கொடுத்த ஒரே அளவு கண்ணாடி ஜன்னலே நாலு திசையிலும் பதிந்திருக்கிறது. சூரிய பகவான் நாலு திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வாரானால் இதில் ஆட்சேபம் இல்லை. பதினோரு பாகைக்குச் சற்று மேலே வடக்கில் இருக்கும் இந்த ஊரில், சித்திரை முற்பகுதியிலிருந்து ஆவணி முற்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்தே விழுகிறது. ஆனாலும் அது செங்குத்தான வெயிலாதலால் ஒன்றரையடி சன்ஷேடுக்கு அடங்கிவிடும். எந்த சன்ஷேடுக்கும் அடங்காதது மேற்கே தாழ்ந்து வரும் மாலை வெயில்தான். பருத்திக்காடுகளின் புழுதியை அள்ளிக்கொண்டு ஆடிக் காற்று வருவதும் அந்தப் பக்கமிருந்தே. ஆகையால் மேற்கே சிறிதாக ஒன்றும், அதற்கு எதிரே கிழக்கில் பெரிதாக ஒன்றும் வைப்பதே உசிதம். காற்று நுழையும் வாய் சிறுத்து, வெளியேறும் வாய் பெருத்திருந்தால், உள்ளே வந்த காற்றின் வேகம் கூடும். எதிர்வாயே இல்லாத அறைக்கு எத்தனை பெரிய ஜன்னல் வைத்தும் பிரயோஜனமில்லை.

வறண்ட உஷ்ணப் பிரதேசத்தில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னலுக்கு விடவேண்டுமென்று தேசியக் கட்டட விதிகள் கூறுகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது பன்னிரண்டு சதுர அடி. ஆனால் இக்காலத்து நகரும் கண்ணாடிக் கதவுகள் பாதிதான் திறக்கும்; முழுமைக்கும் விலை கொடுத்துப் பாதிக் காற்றை வாங்குகிறோம்.

மரம் என்றால் தேக்குத்தான் வேண்டுமென்பதில்லை. கரையான் எளிதில் அண்டாத வேம்பு, நன்றாக உலர்ந்திருந்தால் போதும். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காடுகள் நமக்குத் தருவது பருப்பு மட்டுமல்ல. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைச் சுவருக்குள் புதையும் நிலைச்சட்டத்தில் பூசிவைத்தால் பூச்சி கிட்டே வராது. கையில் பட்டால் புண்ணாகிவிடும், ஜாக்கிரதை.

ஐப்பசி மழையில் மரம் ஊதிக் கதவு இறுகிக்கொள்ளும்போது உடனே இழைக்கச் சொல்வது நம்மவர் அவசரம். எங்கள் வீட்டுக்கு வந்த வயதான ஆசாரி இழைப்புளியைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

“தை பொறக்கட்டுங்க ஐயா. அப்பவும் இறுக்கமா இருந்தா இழைக்கிறேன். இப்ப இழைச்சா சித்திரையில பல்லி நுழையிற சந்து வுழும்.”

அவர் இழைக்காவிட்டாலும் கதவைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, வர்ணம் பூசுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் அடிவிளிம்பைக் காட்டினார். மரத்தின் வெட்டுவாய் தண்ணீரைக் குடிப்பது அங்கேதான். உளுத்துப்போவது தொடங்குவதும் அங்கேதான். கம்பி இருந்தால், அது அடிச்சட்டத்தில் இறங்கும் இடத்திலே துருவைச் சுரண்டிவிட்டுச் செங்காவி பூசவேண்டும். அலுமினியத்துக்கு இந்தச் சிரமங்கள் இல்லை. எனினும் ஆடிப் புழுதி அதன் அடித்தடத்தில் படிந்து, நீர் வடியும் துளையை அடைத்துவிடுமாதலால், ஐப்பசிக்கு முன்பே பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக்கொண்டு அதைத் தேய்த்துவிடவேண்டும். இல்லையேல் முதல் மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வந்து பாயை நனைக்கும்.