அம்மை வந்திருக்கு, சாறே!

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஜூன் மாதத்து மழை, பேசுவது கேட்காத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தான். "அழிச்சுட்டு எழுது மக்கா. ரப்பர் எங்கே?" என்றேன்.

"ரப்பர் இல்ல சாறே. மழையில்லியா, வெட்டு நிறுத்தியாச்சு."

எங்கள் குன்னத்துகால் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் என்றால் முதலில் மரம்தான். அவன் அப்பா விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர். பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. எட்டு வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரியும். அழிக்கிற ரப்பர் அவன் பைக்குள் பத்திரமாக இருந்தது. அன்று முதல் நான் 'அழிரப்பர்' என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஊர் இருப்பது கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தமிழ்ப் பகுதிகளை இணைக்கச் சொல்லி நடந்த அதே போராட்டத்தில் கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு போட்டார்களே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. பனச்சமூட்டுச் சந்தையில் அரைமணி நேரம் நின்றால் போதும், எந்தக் குரல் எந்த மாநிலம் என்று பிரிக்க முடியாது. அதே நவம்பர் 1-ஆம் தேதிதான் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிற பிரிவு அது. என் தமிழ்வழி வகுப்பு நடப்பது அந்த வரியின் நிழலில்தான்.

இங்கே ஆணோ பெண்ணோ, ஆசிரியர் என்றால் 'சாறே'தான். நான் சேலை கட்டி வந்தாலும் சாறே. எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு.

பிள்ளைகளின் வேடிக்கையான பதில்கள் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு வித்தை தேவை: பேசாமல் இருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதையே மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் திறந்தார்கள். மூன்று வினாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். முப்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நீளமான நேரம். மனதுக்குள் எண்ணித்தான் பழகினேன்.

பாட்டொன்றில் 'மதி' என்ற சொல் வந்தது. "மதின்னா என்ன?"

முன் பெஞ்சுப் பெண், "போதும் சாறே" என்றாள்.

பாடம் போதும் என்கிறாளா? ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.

"மதிண்ணா போதும். மதியம் கஞ்சி விளம்பும்போ சொல்லுவோமில்லியா, மதி மதிண்ணு."

மலையாளத்தில் மதி என்றால் போதும். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 'தப்பு, நிலா' என்று நான் உடனே முந்தியிருந்தால் அவளுடைய சரியான விடை தப்பாகவே போயிருக்கும். பலகையில் நடுவே மதி என்று எழுதி, இடப்பக்கம் ஒரு வட்ட நிலா, வலப்பக்கம் கிண்ணத்துக்கு மேல் தடுக்கிற கை வரைந்தேன். "சாறே, நிலாவும் வட்டம், கிண்ணவும் வட்டம்" என்று பின்னாலிருந்து ஒருவன் கண்டுபிடித்தான்.

கழித்தல் கணக்கிலும் அப்படித்தான். "பத்துக் கோழியில மூணு போச்சு. மீதி?" நான் காத்திருந்தேன். "கீரி பிடிச்சிருக்கும் சாறே" என்று ஒரு குரல். "இல்ல, மரநாய்" என்று இன்னொன்று. விடை ஏழு என்று வருவதற்குள் கூட்டைப் பூட்டும் முறை முழுவதும் பேசியாகிவிட்டது. ருஷ்ய எழுத்தாளர் சுகோவ்ஸ்கி சிறு பிள்ளைகளின் இப்படிப்பட்ட பேச்சைப் பல ஆண்டுகள் சேகரித்து 'இரண்டு முதல் ஐந்து வரை' என்று புத்தகமே போட்டார். அவருக்கு அது வேடிக்கைச் சேகரம் மட்டுமல்ல, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதன் ஆவணம். என் மேசை இழுப்பறையிலும் அப்படியொரு நோட்டு இருக்கிறது.

ஆனால் சிரிப்பு எப்போதும் இனிப்பாக வராது. ஒரு வருடம் நடுவில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு இங்கே வேலை. எழுந்து நின்று, "எங்க ஊரு உசிலம்பட்டி டீச்சர்" என்றான்.

வகுப்பு வெடித்தது. மலையாளம் புழங்குகிற காதுக்குப் பட்டி என்றால் நாய். 'உசிலம் பட்டி!' என்று ஒருவன் குரைத்தும் காட்டினான். வந்தவனின் கண் நிறைந்துவிட்டது. சொல்லைப் பார்த்துச் சிரிப்பதற்கும் ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கும் நடுவே ஒரு மயிரிழைதான். அது அறுவதற்குள் ஆசிரியர் கை வைக்க வேண்டும். அதட்டினால் சத்தம் அடங்கும், ஆனால் இடைவேளையில் மறுபடி குரைப்பார்கள்.

"திருச்சூர் மாவட்டத்தில ஓர் ஊர் உண்டு. பேரு பட்டிக்காடு" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. "அது நம்ம கேரளம். அப்போ யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?" கொஞ்சம் அமைதி. பிறகு அவனிடம் திரும்பி, "உங்க ஊரில பட்டின்னா என்ன, நீ சொல்லு" என்றேன். ஆடு மாடு அடைக்கிற இடம் என்றான். ராத்திரிக் காவலுக்கு யார் இருப்பார் என்று கேட்டேன். "நாய் டீச்சர்" என்றான், தயங்கி. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று வருகைப் பதிவு எடுக்கும்போது "இன்னிக்கு எத்தனை குட்டி?" என்று மலையாளப் பிரிவு ஆசிரியை எட்டிப் பார்த்துக் கேட்டார். மலையாளத்தில் குட்டி என்றால் பிள்ளை. "நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்று அவன் பக்கத்துப் பையனின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த மாதம் பக்கத்துப் பையன் வாசலைப் பார்த்துவிட்டு எழுந்தான். "சாறே, எனக்க அம்மை வந்திருக்கு."

புதியவன் பெஞ்சின் ஓரத்துக்குத் தாவினான். "கிட்ட வராதடா! வேப்பிலை சொருகலையா?"

அவன் ஊரில் அம்மை என்றால் உடம்பில் கொப்பளம். இங்கே அம்மை என்றால் பெற்றவள். அந்த அம்மையோ குடையை மடக்கிக்கொண்டு, மறந்து போன சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். விஷயம் புரிந்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான், எல்லாரையும்விட சத்தமாக. இருவரும் பலகைக்கு வந்து ஆளுக்கொரு படம் போட்டார்கள். ஒன்றில் புள்ளி புள்ளியாக ஒரு முகம், இன்னொன்றில் குடையோடு ஒரு பெண். கீழே ஒரே சொல்.

மார்ச் மாதம் அவன் குடும்பம் திரும்பிப் போகிற நாள் வந்தது. சான்றிதழ் வாங்க அவன் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். அவன் எழுந்து நின்று, "சாறே, எனக்க அம்மை வந்திருக்கு" என்றான்.

"வேப்பிலை கொண்டு வா!" என்று மொத்த வகுப்பும் கூவியது. அந்த அம்மா ஒன்றும் புரியாமல் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.