மேம்பாலத்தடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு

பசுவுக்கு கோசாலை உண்டு, புறாவுக்கு ஆஸ்பத்திரி உண்டு. தில்லியில் பூனைக்கு வீடு கிடைப்பதுதான் கஷ்டம்.

மேலே வாகனங்கள் ஓய்வதில்லை. கீழே நாய்களின் குரைப்பு ஓய்வதில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் கடக்கும் சில நிமிடங்கள் மட்டும் அந்தக் குரைப்பும் காதில் விழுவதில்லை. தெற்கு தில்லியில் டிபன்ஸ் காலனியையும் ஜங்புராவையும் இணைக்கும் மேம்பாலத்தின் அடியில், 1979ல் தொடங்கப்பட்ட ஃப்ரெண்டிகோஸ் விலங்குகள் காப்பகம் இயங்குகிறது. காரில் அடிபட்ட நாய், பட்டத்தின் மாஞ்சா நூல் அறுத்த பறவை என்று நகரம் காயப்படுத்தியவை எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. 2015ல் பணமில்லாமல் காப்பகத்தை மூடும் நிலை வந்தது. செய்தி பரவியதும் பொதுமக்கள் அனுப்பிய நன்கொடைதான் அதைக் காப்பாற்றியது.

இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் பூனைகளும் வாழ்கின்றன. தத்தெடுக்க வருபவர்களைப் பார்த்து நாய் வாலாட்டும், கம்பி வழியே கையை நக்கும். பூனை செய்வதெல்லாம் மூலைக்குப் போய் முதுகைக் காட்டுவதுதான். பயந்த பூனைக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு ஒளிந்துகொள்வது. அதைத் திமிர் என்று நினைத்து அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தில்லிக்கு ஜீவகாருண்யம் புதிதல்ல. செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் ஜைனர்கள் நடத்தும் பறவைகள் மருத்துவமனையின் வரலாறு 1929ல் தொடங்குகிறது. புறாவும் கிளியும் அங்கே படுக்கை நோயாளிகள். மாமிசம் தின்னும் பறவைகளுக்கு வைத்தியம் உண்டு, தங்க இடமில்லை. நகரின் தருமத்துக்கு இப்படி ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. காலையில் பசுவுக்கு முதல் ரொட்டி, இரவில் நாய்க்குக் கடைசி ரொட்டி என்று எடுத்து வைக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அந்தக் கணக்கில் பூனைக்கு ரொட்டி கிடையாது.

பூனையைப் பற்றி இந்தியில் புழங்கும் பேச்சும் அதற்கு ஆதரவாக இல்லை. தொள்ளாயிரம் எலிகளைத் தின்றுவிட்டுப் பூனை ஹஜ்ஜுக்குக் கிளம்பியது என்பது பழமொழி. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, இன்னொருவர் முந்திப்போகட்டும் என்று காத்திருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பலனாக வந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நல்ல சகுனம் கெட்ட சகுனம் என்று விலங்குகளைப் பிரிக்கவில்லை. அந்தப் பிரிவினையை மனிதர்கள் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள்.

மால்வியா நகரிலிருந்து வந்திருக்கும் பள்ளி ஆசிரியைக்கு இதெல்லாம் தெரியும். கூடவே எட்டு வயது மகள். அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டு வயதுப் பெட்டை, சாம்பல் வரி, இடது காதில் ஒரு வெட்டுத் தழும்பு. கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிட்டது, தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. படிவத்தில் கையெழுத்து வாங்கிய ஊழியர் ஒரு பழைய துணியையும் கொடுக்கிறார். "தீதி, இதைத் துவைத்துவிடாதீர்கள். புது வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை இது ஒன்றுதான்."

பயணம் ஆட்டோவில். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடைக்குமேல் துப்பட்டா. மூல்சந்த் சிக்னலில் ஆரம்பித்த அழுகை சிராக் தில்லி வரை நிற்கவில்லை. பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்ததும் டிரைவர் சிரிக்கிறார்: "குறுக்கே போனால்தானே கெடுதல், மேடம்? இது கூடவே வருகிறதே."

பூனை ஆளைவிட இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பிராணி. எங்கே ஒளியலாம், எந்த வழியாக ஓடலாம் என்ற வரைபடம் மனதில் இருக்கும்வரைதான் அதற்கு நிம்மதி. வீடு மாறும்போது அந்த வரைபடம் மொத்தமாக அழிந்துபோகிறது. எனவே முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடுவது உபசாரமல்ல, தண்டனை. ஒரே ஓர் அறை போதும். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தண்ணீரும் சாப்பாடும், புகுந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் கையை விட்டு இழுக்கக்கூடாது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்பது காப்பகங்களில் சொல்லும் பொதுவான கணக்கு. முதலாவது பயம் தணிய, அடுத்தது வீட்டின் வழக்கம் பிடிபட, கடைசியாக இது தன் இடம் என்று தோன்ற.

அறை கிடைத்துவிட்டது. சிக்கல் சமையலறையில். அந்த வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. பாலும் ரொட்டியும் போட்டு வளர்க்கலாம் என்பது மாமியாரின் எண்ணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்வதில்லை, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1970களிலும், இதயம் பலவீனமாகும் என்பது 1987லும் நிரூபணமானது. சைவப் பூனை என்று ஒன்று கிடையாது.

"மம்மிஜி, தனிப் பாத்திரம் வைத்துக்கொள்கிறேன். உங்கள் அடுப்பில் ஏற்றமாட்டேன்" என்கிறார் மருமகள். கிழவி உடனே பதில் சொல்லவில்லை. கடையில் வாங்கிய உலர் தீவனப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மீன் வாசனை அடிக்கிறது, பார்வைக்கு பிஸ்கட் மாதிரி இருக்கிறது. "பால்கனிப் பக்கம் வை. கை கழுவிவிட்டு உள்ளே வா." அவ்வளவுதான் உடன்பாடு. ஆனால் இந்த உடன்பாடு எட்டாத வீடுகளிலிருந்துதான் பூனைகள் சில வாரங்களில் காப்பகத்துக்கே திரும்புகின்றன.

முதல் நாள் பூனை எதையும் தொடவில்லை. அது சகஜம். இரண்டாம் நாளும் தொடாவிட்டால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனிதர்களின் மருந்தும் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மூன்றாம் மாடியில் இன்னோர் ஆபத்து, பால்கனிக் கைப்பிடியில் வந்து உட்காரும் புறாக்கள். பாயும் பூனைக்கு உயரம் நினைவிருக்காது. வலை அடித்த பிறகே அந்தக் கதவைத் திறக்கலாம். தீபாவளி நெருங்கும்போது தத்தெடுப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் புதுப் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது.

இரண்டாம் நாள் இரவு, வீடு அடங்கிய பிறகு, அறைக்குள்ளிருந்து கிண்ணம் தரையில் உரசும் சத்தம். முதலில் எழுந்தது தூக்கம் குறைந்த மாமியார். கதவிடுக்கில் பார்த்துவிட்டு விளக்கைப் போடாமல் திரும்புகிறார். காலையில் மருமகளிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "சாப்பிட்டுவிட்டது, தண்ணீர்தான் தீர்ந்துபோயிருக்கிறது."