அவையடக்கமும் எழுதுகோலும்

தமிழைக் கற்பிப்பவருள்ளும் கற்பவருள்ளும், 'நாமும் எழுத வேண்டும்' என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் அரியர். கரும்பலகையில் பிறர் பாடலுக்குப் பொருள் எழுதிக் கொண்டிருக்கும்போதே நம் நெஞ்சில் ஒரு கதை கருக்கொள்கிறது. விடைத்தாள் திருத்தும் இரவில் ஒரு கட்டுரைக்கு நல்ல தலைப்புத் தோன்றுகிறது. ஆயினும் அக்கதை தாளுக்கு வருவதில்லை. அத்தலைப்பின் கீழ் ஒரு வரியும் எழுவதில்லை. பள்ளி விடுமுறை வரட்டும் என்கிறோம். விடுமுறை வந்தபின் தீபாவளி கழியட்டும் என்கிறோம். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்றும், பணி ஓய்வு பெற்றபின் அமைதியாக எழுதலாம் என்றும் ஆண்டுகளைத் தள்ளுகிறோம்.

இதனைச் சோம்பல் என்று உலகம் கூறும். என் எண்ணம் வேறு. இவ்வாறு தள்ளிப்போடும் அதே ஆசிரியர், பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக விடியற்காலையிலேயே திடலில் நிற்கிறார். ஆண்டு விழா நாடகத்திற்காக நள்ளிரவு வரை அட்டையை வெட்டி ஒட்டுகிறார். சோம்பல் உடையவர் இவற்றைச் செய்வாரா? எழுத்தில் மட்டும் அவரைத் தடுத்து நிறுத்துவது அச்சம். 'நம் எழுத்தை யார் படிப்பார்? படித்தவர் நகைத்தால் என் செய்வது? பெரும் புலவர்கள் எழுதிய மொழியில் நாம் எழுதுவதா?' என்னும் ஐயமே அவர் கையைப் பிடித்துக் கொள்கிறது. 'நாளை' என்பது அந்த அச்சம் போர்த்திக் கொண்டு வரும் மேலாடை.

இவ்வச்சத்தை நான் மிக அருகிலிருந்து அறிவேன். என்னுள்ளும் அது குடியிருக்கிறது. நான் வாழ்வது பட்டர்வொர்த் நகரில். கரையில் நின்றால் எதிரே பினாங்குத் தீவின் மலை தெரியும். தொடர்வண்டியில் வந்து இறங்குவோர் தீவுக்குப் போகவே வருகின்றனர். 1985-இல் பாலம் திறக்கப்பட்ட பின்னர் ஊருக்குள் நுழையாமலே தீவுக்குச் செல்வோரும் பெருகினர். பிறர் கடந்து செல்லும் ஊரில் பிறந்தவர்க்குத் தம் ஊரைப் பற்றிய ஓர் ஐயம் இயல்பாகவே எழும். 'ஐயா, நம் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?' என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. தஞ்சையும் மதுரையும் இலக்கியத்திற்கு உரிய ஊர்கள். பாகானும் மாக் மண்டினும் பேருந்து நிற்கும் இடங்கள் என்பது அவர்கள் எண்ணம். தன்னைப் பற்றிய ஐயத்தோடு மண்ணைப் பற்றிய ஐயமும் சேர்ந்துவிட்டால், எழுதுகோல் இருமடங்கு கனக்கிறது.

கடற்கரை ஊரினர்க்குத் திருவள்ளுவர் ஒரு நல்ல உவமையை வைத்துச் சென்றிருக்கிறார். மடியின்மை என்னும் அதிகாரத்தில், விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துக் கொண்டே போகும் இயல்புக்கு 'நெடுநீர்' என்று பெயரிடுகிறார். அதனோடு மறதி, சோம்பல், துயில் ஆகியவற்றையும் சேர்த்து, கெடுகின்ற இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் இவை என்கிறார். 'விரும்பி ஏறும்' என்பதே இங்கு நோக்கத்தக்கது. தள்ளிப்போடுதலில் ஓர் இன்பம் உண்டு. எழுதாத கதையில் பிழையில்லை. அதனைக் குறை கூற எவராலும் இயலாது. அந்தக் கலம் அசையாமல் மிதக்கிறது. ஏறி அமர்ந்தவர்க்கு நலமாகவே இருக்கிறது. அது எக்கரையையும் சேராது என்பதை மட்டும் அவர் காண்பதில்லை.

வள்ளுவர் காலத்தாழ்வு அனைத்தையும் பழித்தாரல்லர் என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். வினைசெயல்வகையில், ஆறப்போட்டுச் செய்ய வேண்டியவற்றை ஆறப்போட்டே செய்க என்றும், அவ்வாறு செய்யத் தகாதவற்றில் காலம் நீட்டிக்காதே என்றும் பகுத்துரைக்கிறார். எழுத்திற்கு இப்பகுப்பு நன்கு பொருந்தும். எழுதியதைத் திருத்துதல் ஆறப்போட்டுச் செய்யும் வினை. எழுதத் தொடங்குதல் அவ்வாறு செய்யத் தகாத வினை. நம்மில் பலர் இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொள்கிறோம். தொடங்குவதற்குப் பத்தாண்டு காத்திருக்கிறோம். ஒருவாறு எழுதி முடித்ததும், திருத்தாமல் அன்றைக்கே அஞ்சலில் சேர்க்கிறோம்.

இனி, ஐயத்திற்கு வருவோம். ஐயம் நீங்கிய பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்று நினைப்போர் நம் இலக்கிய மரபைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் அவையடக்கம் என்று ஓர் உறுப்பு உண்டு. பெருங்காப்பியம் பாட வந்த புலவர், 'இதனைப் பாட நான் தகுதியற்றவன்' என்று அவையோர் முன் கூறும் பகுதி அது. கம்பர் தம்மை ஒரு பூனையாகக் காண்கிறார். ஆரவாரிக்கும் பாற்கடலை அடைந்து, அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை அது. மற்றோரிடத்தில், தரையில் கோடு கிழித்து அறையும் ஆடரங்கும் அமைத்து விளையாடும் சிறுவரைக் காட்டி, அதனைப் பார்த்துச் சிற்பநூல் வல்ல தச்சர் சினங்கொள்வாரோ என்று வினவுகிறார்.

இதனை வெறும் பணிவுரை என்று தேர்வுக்குக் கற்பிக்கிறோம், அதனோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அவையடக்கம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எழுதி முடித்த நூலின் தொடக்கத்தில் நிற்கிறது. அதன்பின் பத்தாயிரத்தை ஒட்டிய பாடல்கள் நிற்கின்றன. பூனை தன் சிறுமையை அறிந்திருந்தது. கரையை விட்டுத் திரும்பிப் போகவில்லை. நம் முன்னோர் ஐயத்தை ஒழிக்க முயலவில்லை. அதற்கு நூலில் ஓர் இடம் ஒதுக்கி, 'இங்கே அமர்க' என்று இருத்திவிட்டு, மேலே எழுதிச் சென்றனர். எழுதாத நூலுக்கு அவையடக்கம் இல்லை. ஐயம் பணிவாக மாற வேண்டுமானால், அதற்குப் பின்னால் ஒரு நூல் இருந்தாக வேண்டும்.

ஐயம் உழைப்பாக மாறிய வரலாறு நமக்குப் புதிதன்று. 1880-ஆம் ஆண்டு அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்ன இருபத்தைந்து வயது இளைஞரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். இல்லை என்பதே விடை. பின்னர் அந்நூலைக் கையில் எடுத்தபோது, சைன சமயச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. 'எனக்குத் தெரியாது' என்னும் உணர்வு அவரை அந்நூலிலிருந்து விரட்டவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனரின் இல்லங்களுக்கு அழைத்துச் சென்றது. அங்கே மாணவரைப் போல் அமர்ந்து கேட்டார். சுவடிகளைத் தேடினார், ஒப்புநோக்கினார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 'என்னால் இயலுமா?' என்னும் கேள்விக்கு விடை கிடையாது. 'இச்சொல்லுக்குப் பொருள் என்ன?' என்னும் கேள்விக்கு விடை உண்டு. முதற்கேள்வியை இரண்டாம் கேள்வியாக மாற்றிக் கொண்டதே அவர் செய்த அருஞ்செயல் என்பேன்.

'பெரியோர்க்கு அது இயலும். வெளியிடுவோர் இல்லாத நாம் எழுதி என்ன பயன்?' என்று கேட்கலாம். அதற்கும் நம் கடற்பகுதியோடு தொடர்புடைய ஒருவரின் வரலாறு விடை கூறும். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், இளமையில் சுமத்திராவின் மேடானுக்கு வந்து பணிபுரிந்து, போர்க்காலத்தைத் தென்கிழக்காசியாவில் கழித்து, 1946-இல் தமிழகம் திரும்பினார். 1950-இல் அவர் எழுதிய 'கடலுக்கு அப்பால்', கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல்தான் நூலாயிற்று. 1962-இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. பினாங்கின் தெருக்களும் அவற்றில் நடமாடிய தமிழரும் இந்நாவல்களில் வாழ்கின்றனர். இன்று அவர் தமிழின் சிறந்த நாவலாசிரியருள் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

அவர் படைப்புகள் ஒன்பதாண்டும் பத்தாண்டும் காத்திருந்தன. எழுதி முடிக்கப்பட்டிருந்தமையால் அவற்றால் காத்திருக்க முடிந்தது. எழுதப்படாதது காத்திராது; எண்ணியவனோடு மறைந்துவிடும். இவ்வரலாற்றில் ஒரு வருத்தமும் உண்டு. சிங்காரம் 1997 வரை வாழ்ந்தும் மூன்றாவது நாவலை எழுதவில்லை. காலத்தில் கிடைக்க வேண்டிய வாசகர் கிடைத்திருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடும். ஆகவே எழுதுவோர்க்குத் துணிவு கடமையாவது போல, தமிழாசிரியராகிய நமக்குப் பிறர் எழுத்தைக் காலத்தே படித்து ஒரு சொல் சொல்லுதலும் கடமையாகும்.

இக்கடமையை இந்நாட்டார் உணர்ந்து ஆற்றிய காலம் ஒன்று இருந்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில், 1950-51-ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். நாளிதழின் பக்கமே வகுப்பறையாயிற்று. எழுத விரும்பியோர் பயிற்சி எழுதி அனுப்பினர். அதன்வழி வந்த பலர் பின்னாளில் இந்நாட்டின் நல்ல எழுத்தாளர்களாயினர். அங்கே 'நீ எழுத்தாளனா?' என்று எவரும் கேட்கவில்லை, 'பயிற்சியை எழுதினாயா?' என்றே கேட்டனர். குறித்த நாளும், படித்துத் திருத்த ஒருவரும் இருந்தால், ஐயத்திற்குப் பேச நேரம் கிடைப்பதில்லை.

நம் தயக்கத்தால் இழக்கப்படுவது நம் புகழ் மட்டுமாயின் வருந்த வேண்டியதில்லை. இழக்கப்படுவது அதனினும் பெரிது. 1942-43-ஆம் ஆண்டுகளில், சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அத்துயரைக் கூறும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது. ஆ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. அவற்றை எழுதியோர்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இடைப்பட்ட அரை நூற்றாண்டில், எழுதப்படாமலே எத்தனை வாய்கள் அடங்கின!

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, தன் தாத்தாவின் நினைவுகளை எழுத விரும்பினாள். அவர் சிறுவராக இருந்தபோது தந்தை சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். உடன் சென்ற ஒருவர், தந்தையின் தகரக் குவளையை மட்டும் கொணர்ந்து தந்தார். 'இது கட்டுரையாகுமா ஐயா? எனக்கு நன்றாக எழுத வராதே' என்று வாரக்கணக்கில் தயங்கினாள். 'உன் தயக்கத்தையே முதல் வரியாக எழுது. இரண்டாம் வரியில் குவளையைப் பற்றி எழுது' என்றேன். இரண்டரைப் பக்கம் எழுதி வந்தாள். ஒற்றுப்பிழைகள் இருந்தன, திருத்தினோம். ஆறு திங்களில் அம்முதியவர் மறைந்தார். பதினாறாம் நாள் அவ்வீட்டுக் கூடத்தில் அந்த இரண்டரைப் பக்கமும் படிக்கப்பட்டது. அவர் மக்களே அதுவரை கேட்டிராத செய்திகள் அதில் இருந்தன. நம் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அதன்பின் அவ்வகுப்பில் எவரும் கேட்கவில்லை.

இளையோர்க்கு நான் வற்புறுத்துவது எளிய முறையே. நாளுக்கு ஒரு பக்கம் போதும். அறிந்த இடத்தின் பெயரை எழுதுங்கள். அறிந்த மனிதரின் தொழிலை எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட ஒரு தோழரைத் தேடிக் கொள்ளுங்கள். முடிக்கும் நாளை அவரிடம் சொல்லிவிடுங்கள். நன்றாக இருக்கிறதா என்னும் ஆராய்ச்சியை, முடித்த மறுநாளுக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊரின் பழைய ஈரடுக்குப் பெர்ரிப் படகுகள் மக்களை ஏற்றிச் சென்ற காலம் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. அப்படகுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டர்வொர்த்தில் ஏறும்போது கட்டணம் செலுத்த வேண்டும்; தீவிலிருந்து திரும்பும்போது கட்டணம் இல்லை. எழுத்தின் கட்டணமும் இக்கரையிலேயே செலுத்தப்படுவது. முதற்பக்கத்தை எழுதும் துணிவே அக்கட்டணம். அதைச் செலுத்தியவர்க்குக் கடல் அகலமாகத் தோன்றுவதில்லை. ஐயம் உடன் வரட்டும். அதற்கும் படகில் ஓர் இருக்கை உண்டு. எழுதுகோல் மட்டும் நம் கையில் இருக்கட்டும்.