சொல்லப்படாத ‘உஃப்’



மேலப்பாளையத்தில் கணவன் மனைவி இருவருமாகப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு மாலை வகுப்பில் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை விளக்க வேண்டியிருந்தது. அல்லாஹ்வை மட்டுமே வணங்க வேண்டும் என்ற கட்டளையை அடுத்து, பெற்றோருக்கு நன்மை செய்யும் கட்டளை அதில் வருகிறது. அவர்கள் நம்மிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால் அவர்களை நோக்கி ‘உஃப்’ என்றுகூடச் சொல்லலாகாது என்று அவ்வசனம் தடுக்கிறது. ‘சீ’ என்று தமிழில் பெயர்க்கப்படும் அச்சொல், சலிப்பில் வாயிலிருந்து வெளியேறும் மிகச் சிறிய ஓசை என்று விளக்கினோம்.

ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். “வாயால் சொல்லாமல் முகத்தை மட்டும் சுளித்தால்?”

“அதுவும் அதில் அடங்கும்” என்று சற்றும் யோசிக்காமல் பதில் கூறினோம். அந்தப் பதில் எங்களுக்கும் உரியது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. இங்கே உம்மா என்றே குறிப்பிடுகிறோம். வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலியும் சற்றே மங்கிய செவியும் தவிர, அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறார். வீட்டில் அவரோடு எங்களுக்குப் பிணக்கு எதுவும் இல்லை. கடைத்தெருவுக்குச் சென்றால்தான் சோதனை.

அந்த வகுப்பு நடந்து சில வாரங்களில், உம்மாவின் மகள் வயிற்றுப் பேத்திக்கு நிக்காஹ் நிச்சயமானது. ஜவுளி எடுக்க உம்மாவையும் எங்கள் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குச் சென்றோம். விடுமுறை நாள், கடை நிறையக் கூட்டம். நகரும் படிக்கட்டின் முன் உம்மா நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்குவார், பின் இழுத்துக்கொள்வார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவழியாகச் சாதாரணப் படிக்கட்டில் ஏறிச் சென்றோம்.

உம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு நூல் சேலை. அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட சேலைகளை விரிக்கச் செய்தார். ஒவ்வொன்றின் கரையையும் இழுத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், விளக்கொளியில் பிடித்து இழையை நோக்கினார். விற்பனைப் பெண்ணின் முகத்திலிருந்த புன்னகை மெல்ல மெல்லக் குறைந்தது. விலை அட்டை தொங்கும் கடையில் “கடைசியா என்ன விலை?” என்று உரக்கக் கேட்டார். அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். மற்றவர் கைபேசியை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றோம். அசருக்கு நேரமாகிறது என்று காரணமும் வைத்துக்கொண்டோம். மூச்சு மட்டும் நீளமாக வெளியேறியது.

அதன்பின் உணவகம். பரிமாறுபவரிடம், “ஹலால்தானே?” என்று மூன்று முறை கேட்டார். அவரும் முஸ்லிம்தான், மூன்றாம் முறை அவர் முகம் மாறியது. பிரியாணி வந்ததும் அரிசி வேகவில்லை என்றார். உப்புக் குறைவு என்றார். “இந்தக் காசுக்கு வீட்டுல பத்துப் பேருக்கு ஆக்கிப் போடலாம்” என்றார். அடுத்த மேசைக்காரர் சிரித்தார்.

அப்போது எங்கள் வாயிலிருந்து ஒரு ஹதீஸ் வெளிப்பட்டது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் அறிவிப்பு. அதனை மதரஸாக் குரலில், நாலு பேர் கேட்கும்படி உம்மாவுக்கு எடுத்துரைத்தோம்.

உம்மா மறுமொழி கூறவில்லை. தட்டில் இருந்ததை முழுவதும் உண்டார். ஆட்டோவில் திரும்பும்போதும் பேசவில்லை. களைப்பு என்று எண்ணிக்கொண்டோம். ஹதீஸ் சரியானதே. ஆனால் அதை நாங்கள் சொன்னது அவருடைய நன்மைக்காக அன்று. அடுத்த மேசைக்காரர் முன் எங்களுக்கு ஏற்பட்ட வெட்கத்திற்காகவே. கற்ற கல்வியைத் தாயை வாயடைக்கப் பயன்படுத்திவிட்டோம்.

அடுத்த மாதம் கடைக்கு அழைத்தபோது, “முட்டு வலிக்குது வாப்பா, நீங்களே போய்ட்டு வாங்க” என்றார். அதற்கடுத்த முறையும் அவ்வாறே. உண்மையைச் சொல்வதானால், எங்களுக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துத் திரும்பினோம்.

ஒரு நாள் உம்மா எங்கள் மகளிடம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். கோத்துக் கொடுத்தாள். நூல் நழுவிவிட்டது, மீண்டும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, பிள்ளை கூரையைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நாங்கள் அவளைக் கண்டித்தோம்.

“நான் ஒன்றும் சொல்லவில்லையே” என்றாள்.

அவள் சொன்னது எங்கள் சொல். அவள் விட்டதும் எங்கள் மூச்சு. ஜவுளிக்கடையில் எங்கள் அருகில் நின்று அதைக் கற்றிருக்கிறாள். நாளை எங்கள் கைகள் நடுங்கும்போது அந்த மூச்சு எங்களுக்குத் திருப்பித் தரப்படும் என்ற அச்சம் அன்றிரவு உறங்கவிடவில்லை. அதைவிடவும், உம்மா தம் வாசலைத் தாமே அடைத்துக்கொண்டதை முட்டுவலி என்று நம்பினோமே என்ற வேதனை பெரிதாக இருந்தது.

உம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். எங்களூரில் வீட்டுக்கு வீடு அக்காலத்தில் அதுவே பிழைப்பு. மடியில் சுளகு, அதில் நறுக்கிய இலை, தூள், நூல். சுற்றிய பீடியைக் கட்டுக்கட்டாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கே ஒருவர் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்ப்பார். இறுக்கம் போதாது, இலை சரியில்லை என்று கழித்துப் போடுவார். கழித்தவற்றுக்குக் கூலி இல்லை. அந்தக் கூலியில்தான் மகன் மதரஸாவில் ஓதினான். தம் கைவேலையை வாழ்நாளெல்லாம் பிறர் ஆராய்ந்து கழிக்கக் கண்டவர், காசு கொடுத்து வாங்கும் சேலையை ஆராய்ந்து பார்க்கிறார். உப்புக் குறைவென்று சொல்பவரும் கூலி வாங்கும் நாளில் ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கி, அதைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தாம் கஞ்சி குடித்தவரே. இவை எங்களுக்குத் தெரியாதவை அல்ல. கடையில் நின்ற வேளையில் நினைவுக்கு வரவில்லை.

தாயைச் சுமந்து கஃபாவை வலம்வந்த ஒருவர், “நான் அவருக்கு ஈடுசெய்துவிட்டேனா?” என்று இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹுமா அவர்களிடம் வினவினார். பிரசவத்தின் ஒரு வேதனைக்குக்கூட அது ஈடாகாது என்பது அவர்கள் அளித்த விடையின் கருத்து. அவர் தாயை முதுகில் சுமந்தார். நாங்களோ நகரும் படிக்கட்டின் கீழே ஐந்து நிமிடம் நிற்பதைப் பெரும் சுமையாகக் கருதினோம்.

மறுநாள் உம்மாவின் அருகில் அமர்ந்து, “அன்று உணவகத்தில் நாங்கள் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள்” என்றோம். “எப்ப? எனக்கு நெனப்பே இல்லையே” என்றார். நினைவில்லாதவர் ஏன் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

சில ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டோம். விடுமுறை நாளைத் தவிர்த்து, வார நாளில் கடை திறந்தவுடன் சென்றோம். ஒரு நாளில் ஒரு கடை. ஒரே ஒரு பொருள். லுஹருக்கு முன் வீடு திரும்பிவிடும்படி கிளம்பினோம். கடைக்குள் நுழைந்ததும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கினோம். மின்தூக்கி எங்கிருக்கிறது என்று விசாரித்தோம். “பெரியவர் நிதானமாகப் பார்ப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று விற்பனையாளரிடம் முன்னதாகவே கூறினோம். கைபேசியைப் பைக்குள் வைத்தோம். உணவகத்தில் அவருக்கு மெல்ல இதமான இடியாப்பத்தை, அவரிடம் கேட்டே வரவழைத்தோம்.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது பொய். உம்மா அன்றும் விலை குறைக்கச் சொன்னார். இடியாப்பத்தின் ஆணத்திலும் உப்புக் குறைவு என்றார். எங்கள் நெஞ்சுக்குள் சலிப்பு எழத்தான் செய்தது. ஆனால் சேலையின் மடிப்புக்குள் ஓர் இழை அறுந்திருந்ததை உம்மா கண்டுபிடித்தபோது, கடைக்காரர் அதை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்று தந்தார். “பார்த்தியா?” என்று பேத்தியிடம் காட்டிய உம்மாவின் முகத்தில், பல மாதங்களாக நாங்கள் காணாத ஒரு பெருமிதம் இருந்தது. பிள்ளையும் குனிந்து, நகத்தால் கரையைச் சுரண்டிப் பார்த்தாள்.

அன்பர்களே, வயதான பெற்றோருடன் வாழும் நம் எல்லோருக்கும் சலிப்பு வருவது இயல்பு. அதே அத்தியாயத்தின் 25ஆம் வசனம், நம் உள்ளங்களில் உள்ளதை இறைவன் நன்கறிவான் என்றும், நாம் நல்லவர்களாக இருந்தால் தன்னிடம் மீள்வோரை அவன் மன்னிக்கிறான் என்றும் அறிவிக்கிறது. பெற்றோரிடம் நன்மையை நாடியிருந்தும் தவறிப்போய் ஒன்றைச் சொல்லிவிட்டவரைக் குறித்தது இது என்று தாபியீன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் ரஹ்மத்துல்லாஹி அலைஹி விளக்கியதாகத் தஃப்ஸீர்களில் காண்கிறோம். தடை வந்த இடத்திற்கு அருகிலேயே மன்னிப்பின் வாசலும் திறந்திருக்கிறது. அந்த வாசலில் நுழையும் காலம், அவர்கள் நம்மோடு இருக்கும் காலமே.

அடுத்த வாரம் உம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். எத்தனை சட்டங்களை அணிந்து பார்ப்பார் என்பதை அல்லாஹ்வே அறிவான். எங்களுக்காக துஆச் செய்யுங்கள். நம் பெற்றோரின் முதுமையை நமக்கு ரஹ்மத்தாகவும், அவர்களுடைய பொருத்தத்தை நம் மறுமையின் சேமிப்பாகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.