தரங்கம்பாடியில் இரு நாட்கள்

பெற்றோரின் அறுபதாம் கலியாணத்தை முன்னிட்டுத் திருக்கடையூர் சென்றுவந்த குடும்பங்கள் நம் வடாலா, மாதுங்கா வட்டாரத்தில் பல உண்டு. அபிராமி சந்நிதியில் மாலை மாற்றி, பிரசாதம் பெற்று, மறுநாளே ரயிலேறிவிடுகிறோம். அங்கிருந்து தெற்கே ஏழெட்டு கிலோமீட்டரில் கடலோரம் அமைந்துள்ள தரங்கம்பாடியை எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. சென்ற தை மாதம் இரு நாட்கள் அங்கே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று.

ஊரின் நுழைவாயில் 1792-இல் கட்டப்பட்ட வெண்ணிற வளைவு. அதனுள்ளே நேராகச் செல்லும் ராஜ வீதியில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. பின்னதைக் கட்டிய சீகன்பால்கு ஐயரே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-இல் வெளியிட்டவர். முப்பத்தாறு வயதில் மறைந்த அவருடைய கல்லறை அவ்வாலயத்தினுள்ளேயே இருக்கிறது. வீதியின் முடிவில் கடலை நோக்கி நிற்பது டேனியர் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்கு நாட்டவருக்கு இடமளிக்க, அவர்கள் எழுப்பியது. 1845-இல் செராம்பூர் முதலியவற்றுடன் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர்.

இக்கோட்டையில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஆளுநர் எவருமல்லர். ஒரு சாதாரணப் பீரங்கி வீரர். யோன் ஓலாப்சன் என்பது அவர் பெயர். அன்று டென்மார்க்கு மன்னரின் ஆட்சியிலிருந்த ஐஸ்லாந்தில், ஆல்ப்டாபியோர்டு என்னும் கடற்கழியோரம் 1593-இல் பிறந்தவர். 1622-இல் கப்பலேறி மறு ஆண்டு இங்கு வந்து பணியாற்றினார். வெடிமருந்து விபத்தொன்றில் கைகளில் பெருங்காயம் பட்டு, தாயகம் திரும்பினார். 1661-இல், முதுமையில் அமர்ந்து, தாம் கண்ட கடல்களையும் நாடுகளையும் நம் தஞ்சைச் சீமையையும் பற்றி எழுதிவைத்தார். ஐஸ்லாந்து முழுவதிலும் இன்று வாழ்வோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு. நம் தாராவி ஒன்றே அதற்கு மேல் என்பர். அத்துணைச் சிறு நாட்டிலிருந்து வந்தவர் எழுதினார். பிழைப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த நம் பாட்டனார்களுள் எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

அந்த ஐஸ்லாந்துக் கழியோரத்திலும் ஒரு சிற்றூர் உண்டு. சூதவிக் என்பர். 1995 ஜனவரியில் மலையிலிருந்து சரிந்த பனி அங்கே பதினால்வர் உயிரைக் கொண்டது. பின்னர் குடியிருப்பையே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினர். தரங்கம்பாடிக்கு வந்தது 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை. மீனவர்களுக்குக் கரையிலிருந்து தள்ளிப் புதுவீடுகள் எழுந்தன. ஆயினும் படகும் வலையும் கரையில் அல்லவா கிடக்கின்றன? விடியற்காலையில் அவ்வீடுகளின் பக்கமிருந்து மணலை நோக்கி நடந்து வந்தவர்களோடு நானும் நடந்தேன். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் எடுப்பித்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. தரங்கம் என்றால் அலை; பெயருக்கேற்ற ஊர்தான்!

ரயில்வே ஊழியன் ஆகையால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மயிலாடுதுறையிலிருந்து இவ்வூருக்கு 1926-இல் மீட்டர்கேஜ் ரயில் விட்டனர். 1980-களில் நிறுத்திவிட்டனர். மீண்டும் பாதை வேண்டுமென்னும் கோரிக்கை இன்னும் ஒலிக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போருக்கு அது சிறு கிளைப்பாதை. மீன்கூடையுடன் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பெண்களுக்கு அவ்வாறன்று.

திருக்கடையூர் செல்லும் அன்பர்கள் அரை நாள் கூடுதலாக ஒதுக்கினாற் போதும். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகப் பேருந்துகள் வருகின்றன. கோட்டைக்குள் தொல்பொருள் காட்சியகம் உண்டு. அதை முதலில் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்குச் செல்வது உத்தமம். குழந்தைகளை அலையருகே தனியே விடவேண்டாம்.