மான்டரே: மீன் ஆலை நின்ற இடத்தில் ஒரு கடல்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 190 கிலோமீட்டர் போனால், பசிபிக் கடல் பிறைபோல் உள்வாங்கி ஒரு வளைகுடாவாகிறது. அந்தப் பிறையின் தென்முனையில் உட்கார்ந்திருக்கிறது மான்டரே. மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம். நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறிய நகராட்சி. ஸ்பெயினும் பிறகு மெக்சிகோவும் ஆண்ட காலத்தில் கலிபோர்னியாவுக்கே தலைநகராக இருந்த ஊர் இது. 1849இல் மாநிலத்தின் முதல் அரசியல் சட்டத்தை எழுதியதும் இங்கே உள்ள கோல்ட்டன் ஹாலில்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் கோல்ட்டன் ஹாலைத் தேடி வருவது குறைவு. கேனரி ரோ என்ற கடலோரத் தெருவின் கடைசியில் நிற்கும் மீன் காட்சியகத்துக்குத்தான் ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்கள்.

நடுக்கோடையிலும் இந்த ஊரில் ஸ்வெட்டர் தேவைப்படும். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வரும். அந்த நீரில் கரைந்திருக்கும் சத்துகளால் நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்ன மத்தி மீன் திரளும். மத்தியைத் தேடித் திமிங்கிலம்வரை எல்லாம் வரும். வளைகுடாவின் நடுவிலோ மான்டரே பள்ளத்தாக்கு கடலடியில் ஓடுகிறது. கரையோரத்திலேயே தொடங்கும் அந்தப் பள்ளம் சுமார் 3,600 மீட்டர் ஆழம்வரை இறங்குகிறது. ஆழ்கடலைப் பார்க்க நாள்கணக்கில் கப்பலில் போக வேண்டிய தேவை இங்கே இல்லை.

இந்தச் செல்வத்தை முதலில் பெரிய அளவில் அறுவடை செய்தவர்கள் சீன மீனவர்கள். 1850களிலிருந்தே பாயின்ட் அலோன்ஸ் என்ற முனையில் குடியிருப்பு அமைத்து, கணவாயை உலர்த்தி ஏற்றுமதி செய்தார்கள். 1906 மே மாதம் அந்தக் குடியிருப்பு தீயில் அழிந்தது. திரும்பக் கட்டிக்கொள்ள நில உரிமையாளர்கள் விடவில்லை.

அடுத்து வந்தது மத்தியின் காலம். நார்வேயிலிருந்து வந்த நுட் ஹோவ்டென் மீனைப் பதனிட்டு டப்பாவில் அடைக்கும் வேலையை இயந்திரமயமாக்கினார். 1916இல் சொந்த ஆலை தொடங்கினார். சிசிலியிலிருந்து வந்த இத்தாலிய மீனவர்கள் தங்கள் ஊர் வலைகளோடு இறங்கினார்கள். கடலோரம் நெடுக ஆலைகள் எழுந்தன. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு தனிச் சங்கொலி. படகு கரை சேர்ந்ததும், நடுராத்திரியானாலும், தத்தம் ஆலையின் சங்கைக் கேட்டுத் தொழிலாளிகள் எழுந்து ஓடுவார்கள். 1940களின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் சுமார் இரண்டரை லட்சம் டன் மத்தி கரையேறியது. அதில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போகவில்லை. அரைபட்டு உரமாகவும் கோழித் தீவனமாகவும் போனது. 1947–48 பருவத்தில் 20 ஆயிரம் டன்கூடத் தேறவில்லை. அளவற்ற பிடிப்பும் கடலின் இயற்கையான ஏற்ற இறக்கமும் சேர்ந்து மத்தியைத் துடைத்துவிட்டன. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில எரிந்தன, சில துருப்பிடித்தன. கடைசியாகத் தாக்குப்பிடித்த ஹோவ்டென் ஆலையும் 1973இல் கதவடைத்தது.

மான்டரே இந்த இடத்தில் நின்றுபோயிருக்கலாம். அப்படி ஆகாததற்கு, ஆலைகளுக்கும் முன்பிருந்தே இங்கே கடலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் காரணம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1892இலேயே பக்கத்து ஊரான பசிபிக் குரோவில் ஒரு கடல் ஆய்வகம் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அதுதான் முதலாவது. 1917இல் அது இடம் மாறியபோது, சீனக் குடியிருப்பு இருந்த முனையிலேயே போய் அமர்ந்தது. இன்று அதன் பெயர் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம். 1931இல் பசிபிக் குரோவின் மேயரானவர் ஜூலியா பிளாட். எழுபது வயதைத் தாண்டிய அவர், ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்ற விலங்கியலாளர். ஆலைக் கழிவு கரையை நாசமாக்குவதைப் பார்த்து, ஊர்க் கரையின் மேல் ஊருக்கே அதிகாரம் வேண்டும் என்று மாநில அரசிடம் வாதாடிப் பெற்றார். ஆய்வகத்துக்கு முன்னால் இருந்த கடல்பகுதி காப்பகமானது.

கேனரி ரோவிலேயே, 800ஆம் எண் வீட்டில், எட் ரிக்கெட்ஸ் என்பவர் ஆய்வகம் நடத்தினார். பள்ளி, கல்லூரிகளுக்குக் கடல் உயிர்களைப் பதப்படுத்தி அனுப்புவது அவர் பிழைப்பு. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நெருங்கிய நண்பர்; ஸ்டைன்பெக்கின் ‘கேனரி ரோ’ நாவலில் வரும் டாக் பாத்திரத்துக்கு முன்மாதிரி. 1939இல் ரிக்கெட்ஸ் இணைந்து எழுதி வெளிவந்த கடற்கரை உயிர்கள் பற்றிய நூல் அன்றைய வழக்கத்தை மீறியது. நண்டு ஓர் அத்தியாயம், நத்தை ஓர் அத்தியாயம் என்று போகாமல், அலை மோதும் பாறை, அமைதியான விரிகுடா, சேற்று மணல், துறைமுகக் கட்டைகள் என்று வாழிடம் வாழிடமாகப் போனது. 1948இல் ரயில் மோதி அவர் இறந்தார். அந்த வரிசைமுறை மட்டும் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு கட்டடத்தின் வரைபடத்துக்குள் நுழைந்தது.

ஆய்வகத்தை ஒட்டிக் கிடந்த ஹோவ்டென் ஆலையின் இடத்தை ஸ்டான்போர்டு 1967இலேயே வாங்கி வைத்திருந்தது. வேறு யாராவது வாங்கி ஹோட்டல் எழுப்பிவிடக் கூடாதே என்ற முன்யோசனை. 1970களின் பிற்பகுதியில் சக் பாக்ஸ்டர், ராபின் பர்னெட், நான்சி பேக்கர்ட் பர்னெட், ஸ்டீவ் வெப்ஸ்டர் என்ற நான்கு கடல் உயிரியலாளர்கள் நண்பர்களாகக் கூடிப் பேசும்போது, பாழடைந்த அந்த ஆலையில் ஓர் அக்வேரியம் அமைத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. நான்சியின் தந்தை டேவிட் பேக்கர்ட், ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவர்.

மகள் கேட்டார் என்பதற்காக அவர் உடனே காசோலையை நீட்டிவிடவில்லை. இது தாக்குப்பிடிக்குமா என்று சாத்தியக்கூறு ஆய்வு ஒன்று நடத்தவைத்தார். கட்டித் தருவது குடும்பத்தின் பொறுப்பு, அதன்பின் நடத்தும் செலவைக் காட்சியகமே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. 1978இல் அறக்கட்டளை பதிவானது. பேக்கர்ட் தம்பதியர் முதலில் ஒதுக்கிய தொகை சுமார் 70 லட்சம் டாலர்; கட்டி முடித்தபோது ஐந்தரைக் கோடி டாலராகியிருந்தது. நான்சியின் தங்கை ஜூலி பேக்கர்ட், கடல்பாசி படித்தவர், நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

செலவு ஏன் இவ்வளவு ஏறியது? திட்டக்குழு எடுத்த ஒரு முடிவுதான் பெரிய காரணம். அன்றைய காட்சியகங்கள் கூட்டம் சேர்க்க டால்பின் வித்தையையும் வெப்பக்கடலின் வண்ண மீன்களையும் நம்பியிருந்தன. மான்டரே குழு, வாசலில் கிடக்கும் வளைகுடாவை மட்டும் காட்டுவது என்று தீர்மானித்தது. ரிக்கெட்ஸ் நூலைப்போல, வாழிடம் வாழிடமாக. அப்படியென்றால் நடுநாயகமாக இருக்க வேண்டியது இந்தக் கடலுக்கே உரிய கெல்ப் காடு. பனைமரம் அளவுக்கு ஓங்கி வளரும் அந்தப் பெரும்பாசியைத் தொட்டிக்குள் உயிரோடு வளர்த்துக் காட்டிய முன்மாதிரி அவர்களுக்கு இல்லை.

கெல்புக்கு வெயில் வேண்டும், ஓயாத அலையசைவு வேண்டும், குளிர்ந்த சத்துள்ள நீர் வேண்டும். எட்டரை மீட்டர் உயரத்தில், சுமார் 12 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி எழுந்தது. மேலே கூரை கிடையாது. வெயில் நேராக இறங்கும். முன்பக்கம் 18 சென்டிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் பலகைகள். நீரை அசைக்க எந்திரம். காட்சியகத்துக்கான அலை எந்திர வடிவமைப்பில், பொறியாளரான டேவிட் பேக்கர்ட் தாமே பட்டறையில் இறங்கி வேலை செய்தார். நீர் நேரே வளைகுடாவிலிருந்து வருகிறது, நிமிடத்துக்குச் சுமார் 7,500 லிட்டர்வரை. பார்வையாளர் இருக்கும் பகலில் அதை வடிகட்டித் தெளிவாக விடுகிறார்கள். இரவில் வடிகட்டுவதில்லை. அந்தக் கலங்கல் நீரோடு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் வித்துகளும் உள்ளே வந்து பாறைகளில் ஒட்டி வளர்கின்றன. யாரும் பிடித்து வந்து விடாத உயிர்கள் தொட்டியில் பெருகுவது இப்படித்தான். கெல்ப் பிழைத்தது மட்டுமல்ல, நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து, முக்குளிப்பவர்கள் தவறாமல் நறுக்கிவிட வேண்டிய நிலைக்கு வந்தது.

கட்டடத்தை வடிவமைத்தது எஷெரிக் ஹோம்சி டாட்ஜ் டேவிஸ் என்ற சான்பிரான்சிஸ்கோ நிறுவனம். பழைய ஆலையின் சாயலை விட்டுவிடாமல், சாய்ந்த கூரைகளோடு அடுக்கடுக்காகக் கட்டினார்கள். ஹோவ்டெனின் கொதிகலன்கள் உள்ளேயே காட்சிப்பொருளாக நிற்கின்றன. 1984 அக்டோபர் 20 அன்று கதவு திறந்தது. ஆண்டுக்குச் சில லட்சம் பேர் வருவார்கள் என்பது திட்டக் கணக்கு. முதல் ஆண்டிலேயே 20 லட்சத்தைத் தாண்டியது.

ஆய்வுக்கு இரண்டு வழி பிறந்தது. ஒன்று, காட்சியகத்துக்குள்ளேயே. ஸ்டான்போர்டோடு சேர்ந்து 1994இல் தொடங்கிய சூரைமீன் ஆய்வு மையம், பசிபிக்கைக் குறுக்கே கடக்கும் அந்த மீன்களின் உடலியக்கத்தையும் பயணப் பாதையையும் படிக்கிறது. 2004இல் ஓர் இளம் வெள்ளைச் சுறா இங்கே 198 நாள் இருந்து, பிறகு கடலில் விடப்பட்டது. அதற்கு முன் எந்தக் காட்சியகத்திலும் இவ்வகைச் சுறா மூன்று வாரம்கூடத் தங்கியதில்லை.

இன்னொன்று, 1987இல் டேவிட் பேக்கர்ட் தனியாக நிறுவிய மான்டரே வளைகுடா அக்வேரியம் ஆய்வு நிறுவனம். பெயரில் அக்வேரியம் இருந்தாலும் நிர்வாகமும் பணமும் வேறு. விஞ்ஞானியும் பொறியாளரும் சரிசமமாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட அடிப்படை. வளைகுடாவின் நடுவில், பள்ளத்தாக்கு தொடங்கும் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் அது இயங்குகிறது. ‘வென்டானா’ என்ற ஆளில்லா நீர்மூழ்கி 1988இலிருந்து அங்கே இறங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது எடுத்த படங்கள் நேரலையாகக் காட்சியகத் திரைக்கு வந்தன. ஆராய்ச்சியாளர் முதல்முறையாகப் பார்க்கும் உயிரை, டிக்கெட் வாங்கி வந்த குடும்பமும் அதே நொடியில் பார்க்க முடிந்தது.

ஊருக்கு இதனால் வந்ததெல்லாம் வரவு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கேனரி ரோவில் இன்று விடுதிகளும் உணவகங்களும் நினைவுப்பொருள் கடைகளும்தான். வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. சுற்றுலாவை நம்பிய வருமானம் எவ்வளவு நொய்மையானது என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது. பெருந்தொற்றால் காட்சியகம் 2021 மே வரை மூடிக் கிடந்தது. பலர் வேலை இழந்தார்கள். தன் செலவைத் தானே சம்பாதிக்கும் ஏற்பாட்டின் மறுபக்கம் அது. மத்தியும் முழுதாகத் திரும்பவில்லை. இடையில் ஓரளவு பெருகி, மறுபடி குறைந்ததால் அமெரிக்க மேற்குக் கரையில் மத்தியைக் குறிவைக்கும் முதன்மை மீன்பிடிப்பு 2015இல் நிறுத்தப்பட்டது.

கடல் நீர்நாயின் கதை வேறு மாதிரி. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிந்துவிட்டதாகவே நம்பப்பட்ட அந்த விலங்கின் சிறு கூட்டம் ஒன்று 1938இல் தெற்கே பிக் சர் கரையில் கண்ணில் பட்டது. 1960களில் அவை மான்டரேவுக்குத் திரும்பின. தாயை இழந்து ஒதுங்கிய குட்டிகளைக் காட்சியகம் 1984 முதலே எடுத்து வளர்க்கிறது. மனிதரிடம் பழகிவிட்ட குட்டி கடலில் பிழைக்காது என்பதால், காட்சியகத்திலேயே இருக்கும் பெண் நீர்நாய்களை வளர்ப்புத்தாயாக்கிப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் சுமார் 15 ஆண்டுகளில் பெருகிய நீர்நாய்களில் பாதிக்கு மேல், இப்படி வளர்த்து விடப்பட்டவையும் அவற்றின் சந்ததியும்தான் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

அந்தப் பெருக்கத்தின் பயன் இப்போது கடலடியில் சோதனைக்கு வந்திருக்கிறது. 2013 முதல் ஒரு நோய் கடல் நட்சத்திரங்களைக் கொத்துக்கொத்தாக அழித்தது. தொடர்ந்து கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியது. தங்களைத் தின்னும் நட்சத்திரங்கள் இல்லாமல்போக, கெல்பைத் தின்னும் ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகின. வட கலிபோர்னியாவில் கெல்ப் காடுகள் 90 சதவீதத்துக்கு மேல் மறைந்தன. மான்டரேவில் காடு துண்டுதுண்டாக எஞ்சியது. எஞ்சிய துண்டுகளில், சதைப்பற்றோடு இருக்கும் முள்ளெலிகளை நீர்நாய்கள் தேடித் தின்று காட்டைக் காப்பதாகவும், மொட்டையாகிவிட்ட பாறைகளில் பட்டினியால் வற்றிய முள்ளெலிகளை அவை சீண்டுவதில்லை என்றும் 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. நீர்நாயால் இருக்கும் காட்டைக் காக்க முடிகிறது. போன காட்டை மீட்க அது ஒன்று மட்டும் போதாது. அந்த மொட்டைப் பாறைகளில் கெல்பை மறுபடி எப்படி வேர்பிடிக்க வைப்பது என்பதே இந்தக் கரையின் ஆய்வாளர்கள் முன் இருக்கும் அடுத்த வேலை.